அடிக்கிற பிள்ளையைப் பெற்றவளின் ரெண்டு மனசு

பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போன பிறகு, மதுரைச் செல்லூரிலிருந்து ஓர் அம்மா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவர் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து கொடைக்கானலுக்கு இரண்டு நாள் சுற்றுலா போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"அவன் இல்லாத ரெண்டு ராத்திரியும் நிம்மதியாத் தூங்கினேன் டீச்சர். கதவத் தாப்பாப் போடாம தூங்கினேன். நேத்து ராத்திரி கூப்பிட வந்து நிக்கிறேன், மத்தவளுக எல்லாம் பஸ்ஸக் காணமேன்னு தவிக்கிறாளுக. எனக்கு மட்டும், வராமலே இருந்தா என்னன்னு ஒரு நிமிசம்..."

முடிக்கவில்லை. தன் வாயில் தானே பட்டென்று அடித்துக்கொண்டார். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல் இல்லை, பிளாஸ்டிக் வளையல். அதற்குமேல் மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்தது. மகன் கையைப் பிடித்து முறுக்கும்போது கண்ணாடி உடைந்து குத்துகிறது என்று மாற்றி ஒரு வருஷமாகிவிட்டதாம்.

அந்த ஒரு நிமிஷ நினைப்புக்கு மனநல இயலில் ஒரு பெயர் இருக்கிறது. இருமனம் என்று இங்கே சொல்கிறேன். நாம் பேச்சில் சொல்லும் 'ரெண்டு மனசா இருக்கு' என்பதற்கு மிக நெருக்கமான சொல் அது. யூகன் பிளாய்லர் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 1910 வாக்கில் இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தார். மனச்சிதைவு நோய்க்கு இன்று உலகம் வழங்கும் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். ஒரே ஆள் மீது, ஒரே நேரத்தில், பாசமும் வெறுப்பும் இருப்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

இதில் முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போகலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறோமே, அதுவல்ல இது. பாசம் பாதி, வெறுப்பு பாதி என்று இரண்டும் கலந்து வெதுவெதுப்பாக இருப்பதும் அல்ல. ஒரே செம்பில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றியது போல, பாசம் முழுப் பாசமாகவே இருக்கும், வெறுப்பு முழு வெறுப்பாகவே இருக்கும். அந்த அம்மா பஸ் வர வேண்டாம் என்று நினைத்ததும் உண்மை. பஸ் வந்ததும் மகன் குளிரில் நடுங்கினான் என்று தன் முந்தானையை எடுத்துப் போர்த்தியதும் உண்மை. ஒன்று நிஜம், இன்னொன்று நடிப்பு என்று பிரிக்க முடியாது.

இது நோய் இல்லை. கெட்ட அம்மாவின் அடையாளமும் இல்லை. பிள்ளை வளர்க்கிற எல்லாரிடமும் ஏதோ ஓர் அளவில் இருப்பதுதான். பிள்ளை சாதுவாக இருந்தால் அது எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பிள்ளை அடிக்கிறவனாக இருந்தால் வீட்டிலேயே குடியிருக்கும்.

நம் வாயில் இது எப்போதும் இருக்கிறது. 'நாசமாப் போறவனே' என்று வைத அதே மூச்சில் 'தின்னியாடா?' என்று கேட்கிறவர்கள்தானே நம் அம்மாக்கள். ஆனால் வெளியே சொல்லும் கதை வேறாக இருக்கிறது. பெத்த மனம் பித்து என்கிறோம். அந்தப் பித்தில் பாசத்துக்கு மட்டும்தான் இடம். எனக்குத் தெரிந்த தாலாட்டுகளில் குழந்தையை அடித்தது யார் என்று கேட்டு அத்தையை இழுப்பார்கள், மாமியை இழுப்பார்கள். அந்த வரிசையில் அம்மா வருவதே இல்லை. நடுராத்திரி மூன்று மணிக்குத் தூளியை ஆட்டிக்கொண்டு பாடுகிறவளுக்குத்தான் கை ஓங்கத் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

இதை வெளிப்படையாகச் சொல்லத் துணிந்தவர்களில் முக்கியமானவர் டொனால்டு வின்னிகாட். இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வாளரும் ஆனவர். 1947-இல் ஓர் உரை நிகழ்த்தினார், 1949-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அதில், ஒரு சாதாரணத் தாய் தன் குழந்தையைத் தொடக்கத்திலிருந்தே வெறுப்பதற்கு 18 காரணங்களை வரிசையாக எழுதினார். பேறுகாலத்தில் அவள் உடம்புக்கே ஆபத்து, பால் குடிக்கும்போது வலி, சம்பளமில்லாத வேலைக்காரி போல நடத்தப்படுவது என்று போகிற அந்தப் பட்டியலில் எனக்கு மறக்காத ஒன்று உண்டு. காலை முழுக்க அவளைப் பாடாய்ப் படுத்திய குழந்தை, வெளியே தூக்கிக்கொண்டு போனதும் யாரோ ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் 'அடடா, என்ன சமத்து' என்பார். இதைப் படித்தபோது எங்கள் தெருவே கண்முன் வந்தது.

அதே கட்டுரையில் அவர் தன் வீட்டில் நடந்ததையும் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், எங்கே வைத்தாலும் ஓடிவிடுகிறவன். வின்னிகாட்டும் அவர் மனைவியும் அவனை வீட்டில் மூன்று மாதம் வைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதமும் நரகம் என்கிறார். பையனுக்கு வெறி வரும்போது வின்னிகாட் அவனைத் தூக்கி வாசலுக்கு வெளியே விட்டுவிடுவார். கோபப்படாமல், திட்டாமல். அங்கே ஒரு மணி இருந்தது. பையன் அதை அடித்தால் கதவு திறக்கும், நடந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறை வெளியே விடும்போதும் அவனிடம் ஒன்றைச் சொல்லிவிடுவார்: இப்போது நீ செய்தது என்னை உன்மேல் வெறுப்புக்கொள்ள வைத்துவிட்டது. அந்த வெறுப்பைத் தானே உணராமலும் அவனிடம் சொல்லாமலும் இருந்திருந்தால் அவனை அடித்திருப்பேன் என்று வின்னிகாட் எழுதுகிறார்.

இதைச் சொன்னதும், 'அப்ப வாசல்ல விட்டுரலாமா டீச்சர்?' என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். நம் தெருவில் ராத்திரி பையனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த முறையை அல்ல, அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தனக்குள் இருக்கும் வெறுப்பைத் தெரிந்து வைத்திருப்பவர் கையை அடக்கிக்கொள்ள முடிகிறது. எனக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கிறவருக்கு ஒரு நாள் கட்டு மீறிப்போகிறது.

அடுத்தது குற்ற உணர்வு. இருமனத்தின் வால் பிடித்துக்கொண்டே வருவது. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 'நேற்று அவனைக் கரண்டியால் அடித்துவிட்டேன், அது தப்பு' என்பது ஒன்று. செய்த காரியத்தைப் பற்றியது. வலிக்கும், ஆனால் அதற்கு ஒரு வழி உண்டு: மன்னிப்புக் கேட்கலாம், நாளை வேறு மாதிரி நடக்கலாம். 'நான் கெட்டவள், என் வயிற்றில் பிறந்ததால்தான் அவன் இப்படி' என்பது இன்னொன்று. இது காரியத்தைப் பற்றியதே அல்ல, ஆளையே குற்றம் சாட்டுவது. உள்ளபடி இது அவமானம். அவமானம் ஆளை ஒளியச் சொல்லும். கல்யாணத்துக்குப் போகாதே, பக்கத்து வீட்டில் பேசாதே, ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்துவிடும் என்று ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தச் சொல்லும். அந்த அம்மா வீட்டில் நிஜமாகவே ஜன்னல்களைச் சாத்திவைத்திருந்தார்கள், அவன் கத்துவது வெளியே கேட்கக் கூடாதென்று. சித்திரை வெயிலிலும்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் அடி வளர்கிறது. அடிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் அடிக்கு அடுத்தபடி அதிகமாக இருப்பது ரகசியம்.

ரகசியத்தைக் காப்பாற்றுவதில் ஊருக்கும் பங்கு உண்டு. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று வீசிவிட்டுப் போய்விடுகிறோம். நெசவு தெரிந்த செல்லூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், நூல் ஒன்று மட்டும்தான் சேலையைத் தீர்மானிக்கிறதா என்று. சாயம் இருக்கிறது, தறி இருக்கிறது, அன்றைய ஈரப்பதம்கூட இருக்கிறது. 'வளர்ப்பு சரியில்லை' என்ற இரண்டு சொல் பள்ளிக்கூடங்களிலும் புழங்குகிறது. ஆசிரியர் அறையில் நானே சொல்லியிருக்கிறேன். சொன்னதற்காக இன்று வருத்தப்படுகிறேன்.

அம்மாவைக் குறை சொல்வது படித்தவர்களிடமும் இருந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அப்படி ஆனதற்கு அம்மாக்களின் பாசமின்மையே காரணம் என்று ஒரு கொள்கை பல ஆண்டுகள் ஓடியது. ஐஸ்பெட்டி போன்ற அம்மா என்றே அந்தத் தாய்களுக்குப் பட்டம். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல்கூட இதை எழுதிப் பிரபலமாக்கினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1964-இல், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு, இது மூளை சார்ந்தது என்று வாதிட்டு எழுதியிருந்தார். ஆராய்ச்சி ரிம்லாண்டு பக்கம்தான் நின்றது. அதற்குள் எத்தனை அம்மாக்கள் தங்களைக் குற்றவாளியாக நினைத்தே காலத்தைக் கழித்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

சரி, பிள்ளை ஏன் அடிக்கிறது? கனடாவைச் சேர்ந்த ரிச்சர்டு ட்ரம்ப்ளே குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஒன்றைச் சொன்னார். மனிதர்கள் அதிகமாக அடிப்பது, கடிப்பது, தள்ளுவது எல்லாம் வாலிபத்தில் அல்ல, இரண்டு மூன்று வயதில். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைகிறது. அதாவது பிள்ளை அடிக்கக் கற்றுக்கொள்வதில்லை, அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. சிலருக்கு அந்தப் பாடம் ஏறுவதில்லை. பேச்சு தாமதம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் துறுதுறுப்பும், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு, வீட்டில் பார்த்த அடிதடி, யாரோ அந்தப் பிள்ளைக்கே செய்த கொடுமை, வளர்ந்த பையன் என்றால் போதைப் பொருள், இவற்றில் ஒன்றோ பலவோ பின்னால் இருக்கலாம். வீட்டுச் சூழலும் வளர்ப்பும் ஒரு பங்கு வகிக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனால் பங்கு என்பது முழுக்கணக்கு அல்ல.

அந்தப் பங்கு எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜெரால்டு பேட்டர்சன் விளக்கினார். வீடுகளுக்கே போய் அம்மாவும் பிள்ளையும் நடந்துகொள்வதை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்க வைத்தவர். அவர் கண்டதைச் செல்லூர் வீட்டுக்குக் கொண்டுவந்து சொல்கிறேன். அம்மா, 'போனை வைடா' என்கிறார். பையன் கத்துகிறான். அம்மா குரலை உயர்த்துகிறார். பையன் டம்ளரை எறிகிறான். அம்மா, 'எக்கேடும் கெட்டுப் போ' என்று விட்டுவிடுகிறார். வீடு அமைதியாகிறது. இப்போது என்ன நடந்தது? எறிந்தால் போன் கிடைக்கும் என்று பையன் படித்துக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் அடி நிற்கும் என்று அம்மாவும் படித்துக்கொண்டார். இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் நிம்மதி கிடைத்துவிட்டது, அதனால்தான் நாளைக்கும் இதுவே நடக்கும். இன்னொரு நாள் அம்மாவுக்குத் தாங்காமல் ஓங்கி அறைவார், அவன் ஒடுங்குவான். அடித்தால் வேலை நடக்கும் என்ற பாடம் மறுபடியும் உறுதியாகிறது. இதைப் பேட்டர்சன் வற்புறுத்தல் சுழல் என்ற பொருளில் குறிப்பிட்டார். எனக்கு இதில் பிடித்தது, இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான். இரண்டு பேர் சிக்கிக்கொண்ட ராட்டினம் அது.

குற்ற உணர்வு இந்த ராட்டினத்துக்கு எண்ணெய் போடுகிறது. நேற்று அடித்ததற்காக இன்று கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது, வாங்கிக் கொடுத்தும் அடிக்கிறானே என்று நாளை வெடிப்பது. அந்த அம்மாவும் அப்படித்தான். பையன் அறைந்த மறுநாள் ஜிகர்தண்டா வாங்கி வந்து வைப்பாராம். 'ஏன்னே தெரியல டீச்சர், நானே தப்புப் பண்ண மாதிரி இருக்கும்' என்றார்.

இதிலிருந்து இறங்குவதற்கு ஒரு முறையை இஸ்ரேலைச் சேர்ந்த ஹைம் ஓமர் என்ற உளவியலாளர் உருவாக்கினார். பெற்றோரை அடிக்கிற, மிரட்டுகிற பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்காகவே. அவர் அடிப்படையாக எடுத்துக்கொண்டது காந்தியின் அகிம்சைப் போராட்டத்தை. மதுரை மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி வேட்டிக்கு மாறிய அந்த வீட்டைக் கடந்துதான் நான் பல வருடம் கடைக்குப் போயிருக்கிறேன். அவருடைய வழி ஒரு நாள் ஓர் அம்மாவையும் மகனையும் பற்றிய பேச்சில் வந்து நிற்கும் என்று நினைத்ததே இல்லை.

முறை கேட்க எளிது, செய்யக் கடினம். அடிக்கு அடி இல்லை, அதே நேரம் பணிந்து போவதும் இல்லை. சண்டை சூடாக இருக்கும்போது ஒன்றும் சொல்லாமல் விலகிவிட வேண்டும். சூடு ஆறிய பிறகு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அமைதியாகப் போய் உட்கார்ந்து, 'நீ அடிப்பதை இனி நான் ஏற்கப்போவதில்லை. தனியாகச் சமாளிக்கவும் போவதில்லை, வேண்டியவர்களிடம் சொல்லப்போகிறேன்' என்று அறிவிக்க வேண்டும். பிறகு சொன்னபடி சொல்ல வேண்டும். தாய்மாமனிடம், நம்பகமான பக்கத்து வீட்டுக்காரரிடம், ஓர் ஆசிரியரிடம். அவர்கள் வந்து பையனைத் திட்டக் கூடாது, அடிக்கவே கூடாது. 'நடந்தது தெரியும், அது நிற்க வேண்டும், உனக்கு என்ன உதவி வேண்டும்?' என்று கேட்டால் போதும். அதோடு பாசத்தையும் நிறுத்தக் கூடாது. அவனுக்குப் பிடித்ததைச் செய்து வைக்கலாம், நல்லபடியாக நடந்துகொண்டதற்குக் கூலியாக அல்ல, சும்மா. பார்த்தீர்களா, இருமனத்தின் இரண்டு பக்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. எதிர்க்கிற மனசு எதிர்க்கிறது, பாசம் வைத்த மனசு தோசை ஊற்றுகிறது.

இதோடு மருத்துவமும் வேண்டும். குணம் திடீரென்று மாறியது, தூக்கம் போனது, தலையில் அடிபட்டது, வலிப்பு வருவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது என்றால் நாளைத் தள்ளாதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். குழந்தை யாராலாவது கொடுமைக்கு ஆளாகியிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. பாண்டி கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டுவதையும் கோரிப்பாளையம் தர்காவில் மந்திரிப்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன், அங்கே உட்கார்ந்து அழுதுவிட்டு வருவதே ஒரு பெரிய ஆறுதல். அங்கே கட்டிய கயிற்றோடு ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஆனால் கட்டிப்போடாதீர்கள். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் நடந்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

போலீஸுக்குப் பயந்து வாய் திறக்காத அம்மாக்களும் உண்டு. 18 வயதுக்குக் கீழே இருப்பவரைப் பெரியவர்களின் சிறையில் அடைப்பதில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம்தான் முதலில் விசாரிக்கும். அதில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். இன்று உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் உங்களையும் மற்ற பிள்ளைகளையும் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். அதைச் செய்வது மகனைக் கைவிடுவது ஆகாது.

செல்லூர் அம்மா அன்று மாலை ஒரு மணி நேரம் பேசினார். அரிவாள்மனையைத் தினமும் ராத்திரி பரண்மேல் வைப்பதை, சின்ன மகளைத் தன் அம்மா வீட்டில் விட்டிருப்பதை, புருஷனிடம் பாதியை மறைப்பதை. நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. பஸ் வர வேண்டாம் என்று தோன்றியது பாவமில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் அவருடைய அண்ணன் வந்தார். ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போய், அந்தப் பையனோடு வண்டியில் தெப்பக்குளம் வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வருவதாக ஒத்துக்கொண்டார். மருத்துவர் பார்த்ததில் கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருப்பது தெரிந்தது, மாத்திரை தொடங்கினார்கள். அடி ஒரேயடியாக நிற்கவில்லை. வாரத்துக்கு நாலு என்பது மாதத்துக்கு ஒன்று என்று ஆக ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அரிவாள்மனை இன்னும் பரண்மேல்தான்.

பையன் பத்தாம் வகுப்பு வந்தபோது மறுபடியும் சுற்றுலா, இந்தத் தடவை கன்னியாகுமரி, மூன்று நாள். பணம் கட்ட அந்த அம்மா வந்தார். ரசீதை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"மூணு ராத்திரி டீச்சர்," என்றார். "நல்லாத் தூங்கப் போறேன்."